பரியாரி இல்லாத கசாயம்

கோவை இலை சீனி வருத்தத்துக்கு நல்லது என்பதை மட்டக்களப்பு வாவியின் மேற்குப் பக்கமான படுவான்கரையில் யாருக்கும் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை. வேலியோரம் தன்பாட்டில் படர்ந்து கிடக்கும் கொடி. கொழுந்தாகப் பார்த்துக் கிள்ளி, பொடியாக அரிந்து, தேங்காய்ப்பூவும் உப்பும் இரண்டு சின்ன வெங்காயமும் சேர்த்துச் சட்டியில் ஒரு பிரட்டுப் பிரட்டினால் மத்தியானச் சோற்றுக்குச் சுண்டல். மட்டக்களப்புச் சந்தையில் வல்லாரை, பொன்னாங்காணி, முடக்கொத்தான் கட்டுகளுக்கு நடுவே இதுவும் கிடக்கும். அதே கோவை இப்போது வட்ஸ்அப்பிலும் வருகிறது. பச்சைப் பின்னணி, பெரிய எழுத்து: மெட்போமின் மாத்திரையை விடுங்கள், இந்தச் சாற்றைக் குடியுங்கள், சீனி தானாக இறங்கும். கீழே ஒரு தொலைபேசி இலக்கம், போத்தலின் விலை.

சுண்டலுக்கும் போத்தலுக்கும் கொடி ஒன்றுதான். ஆனால் சுண்டலை ஆய்வுக்கு எடுத்துப் பார்த்திருக்கிறார்கள். 2011இல் வெளியான இலங்கை ஆய்வு ஒன்றில் நோயில்லாத 61 பேர் கலந்துகொண்டார்கள். அவர்களில் ஒரு பகுதியினருக்கு 20 கிராம் கோவை இலையை, நம் வீட்டில் செய்வதுபோலவே தேங்காய்ப்பூவும் உப்பும் சேர்த்துக் கொடுத்தார்கள். பிறகு சீனியை ஏற்றிப் பார்த்தபோது, இலை சாப்பிட்டவர்களின் இரத்தத்தில் அது மற்றவர்களைவிடக் குறைவாகவே ஏறியது. பத்து வருடம் கழித்து, 2021இல், இன்னும் பெரிய ஆய்வு ஒன்று வந்தது. புதிதாகச் சலரோகம் கண்டுபிடிக்கப்பட்ட 158 பேர். ஒரு பாதிக்குக் கோவை இலையில் இருந்து செய்த 500 மில்லிகிராம் மருந்து, மறுபாதிக்கு அதேபோலத் தோன்றும் வெறும் வில்லை. எது எவரிடம் போகிறது என்பது கொடுத்தவருக்கும் தெரியாது, குடித்தவருக்கும் தெரியாது. மூன்று மாத முடிவில், எச்பிஏ1சி என்று கிளினிக்கில் எழுதும் மூன்று மாதச் சீனிக் கணக்கு, கோவை குடித்தவர்களில் 0.65 அளவு இறங்கியிருந்தது.

இது சின்ன விஷயமில்லை. ஆனால் இந்த எண் எதைச் சொல்கிறது என்று நிதானமாகப் பார்க்கவேண்டும். மெட்போமின் பொதுவாக அதே கணக்கை 1 அல்லது அதற்குச் சற்று மேல் இறக்கும். ஆய்வில் இருந்தவர்கள் நோய் தொடங்கிய புதிதில் இருந்தவர்கள்; பத்து வருடம் மாத்திரை போட்டு, சிறுநீரகமும் கண்ணும் ஏற்கெனவே அடிவாங்கியவர்கள் அல்ல. அவர்கள் குடித்தது அளந்த மருந்து. போத்தலில் எத்தனை இலை, எத்தனை தண்ணீர், அதில் வேறென்ன என்று தெரியாத சாறு அல்ல. மாத்திரையை நிறுத்திவிட்டுக் கோவைக்கு மாறினால் என்ன ஆகும் என்பதை அந்த ஆய்வு சோதிக்கவே இல்லை. வட்ஸ்அப் விளம்பரம் விற்பதோ அந்தச் சோதிக்காத பகுதியைத்தான்.

இயற்கை மருத்துவம் பற்றிய பேச்சு எங்கள் பக்கம் எப்போதும் இரண்டு கட்சியாகப் பிரிந்துவிடும். ஒரு கட்சிக்கு எல்லாமே மூடநம்பிக்கை. மறு கட்சிக்கு இங்கிலீஷ் மருந்தெல்லாம் நஞ்சு. இரண்டையும் விட்டுவிட்டுப் பார்த்தால் வேறொன்று தெரியும். அண்மைக்கால ஆய்வுகள் செய்துகொண்டிருப்பது பெரும்பாலும் பழைய பரியாரி செய்த வேலையைத்தான்: எந்த இலை, எந்தப் பாகம், எவ்வளவு, யாருக்கு, எத்தனை நாள், எப்போது நிறுத்துவது. கைப்பேசியில் வரும் இயற்கை மருத்துவம் இந்தக் கேள்விகள் எல்லாவற்றையும் கழற்றி எறிந்துவிட்டு இலையை மட்டும் வைத்துக்கொண்டிருக்கிறது. பரம்பரை வைத்தியத்தின் எதிரி ஆய்வுகூடம் என்று நான் நினைக்கவில்லை. பரியாரியை விலக்கிவிட்டுப் பரியாரியின் பெயரில் நடக்கும் வியாபாரம்தான் அதன் எதிரி.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். இயற்கை மருத்துவம் என்று இன்று உலகம் முழுவதும் பேசப்படும் முறை சித்தர்களிடம் இருந்து வந்ததல்ல. அது 19ஆம் நூற்றாண்டு ஜெர்மனியில் வேர்விட்டது. செபஸ்டியன் க்னைப் என்ற கத்தோலிக்கப் பாதிரியார் குளிர்நீர்க் குளியல், எளிய உணவு, நடை, மூலிகை என்று ஒரு முறையை வகுத்தார். அவரிடம் படித்த பெனடிக்ட் லஸ்ட் அதை அமெரிக்காவுக்குக் கொண்டுபோனார். லூயி கூனே, அடோல்ஃப் ஜுஸ்ட் ஆகிய இன்னும் இரண்டு ஜெர்மானியர்களின் வழியில் ஈர்க்கப்பட்டவர் காந்தி. 1946இல் புனேக்கு அருகே உருளிகாஞ்சனில் அவர் இயற்கை மருத்துவ நிலையத்தைத் தொடங்கி வைத்தார். மருந்தே வேண்டாம், தண்ணீரும் மண்ணும் வெயிலும் பட்டினியும் போதும் என்பது அந்த மரபின் ஆதிக் கொள்கை.

சித்த வைத்தியமோ அதற்கு நேர் எதிர். இலை வேரோடு நிற்காமல் இரசம், கந்தகம், பாஷாணம் வரைக்கும் போன மரபு அது. பாதரசத்தையும் ஆர்செனிக்கையும் புடம்போட்டுப் பற்பமும் செந்தூரமுமாக ஆக்கி, அரிசி எடை, உளுந்து எடை என்று கொடுத்தவர்கள் அவர்கள். தங்கள் கையில் இருப்பது நஞ்சு என்று நன்றாகத் தெரிந்ததால்தான் அத்தனை சுத்தி முறை, அத்தனை பத்தியம். “இயற்கை என்பதால் பக்கவிளைவே கிடையாது” என்ற வாசகத்தை எந்தப் பழைய பரியாரியும் சொல்லியிருக்க மாட்டார். அந்தச் சுத்தி முறை தெரியாத கைகளுக்குத் தொழில் போனால் என்ன நடக்கும் என்பதற்கு அமெரிக்காவில் எடுத்த கணக்கு இருக்கிறது. 2004இல் பொஸ்டன் நகரக் கடைகளில் வாங்கிய தெற்காசிய ஆயுர்வேதத் தயாரிப்புகள் 70ஐப் பரிசோதித்தபோது 14இல் ஈயமோ பாதரசமோ ஆர்செனிக்கோ இருந்தது. 2008இல் இணையத்தில் விற்ற 193 தயாரிப்புகளைப் பரிசோதித்தபோதும் ஏறத்தாழ ஐந்தில் ஒன்றில் அப்படியே.

பரியாரியின் முறை எப்படி இருந்தது என்பது எங்கள் பக்கத்து வயதானவர்களுக்கு நினைவிருக்கும். நாடி பிடிப்பார், நாக்கைப் பார்ப்பார், மலசலம் எப்படி என்று கேட்பார். துண்டுக் கடதாசியில் சரக்குகளை எடையோடு எழுதுவார். “மூணு நாள் குடிச்சிட்டு நாலாம் நாள் வந்து காட்டு மனே” என்பதுதான் அவருடைய மருந்துச்சீட்டின் கடைசி வரி. அந்த நாலாம் நாள் முக்கியம். மருந்து ஒத்துவராவிட்டால் நிறுத்துவதற்கு அங்கே ஓர் ஆள் இருந்தார். போத்தலுக்கு நாலாம் நாள் கிடையாது.

காய்ச்சும் முறையிலும் அதே கண்டிப்பு. எட்டுப் பங்கு தண்ணீர் விட்டு ஒரு பங்காக வற்றவேண்டும் என்றால், அதை இரண்டு பங்கிலேயே இறக்கினால் வேறு மருந்து. மண்சட்டி, சிறு தீ, மூடாத வாய். சில சரக்கை முதலில் போடவேண்டும், வாசனைச் சரக்கை இறக்கும்போது இடவேண்டும். முன்பே போட்டால் எண்ணெய்ச்சத்து ஆவியோடு போய்விடும். இரசாயனம் படித்தவர்களுக்கு இது விளங்கும்: சூடும் நேரமும் மாறினால் தண்ணீருக்குள் இறங்கும் பொருளும் மாறுகிறது.

இதற்கு உலகம் அறிந்த சாட்சி சீனத்தில் இருக்கிறது. மலேரியாவுக்கு மருந்து தேடிய தூ யூயூ, பழைய சீன வைத்தியக் குறிப்புகளைப் புரட்டிக்கொண்டிருந்தார். மாசிப்பத்திரி வகையைச் சேர்ந்த ஒரு செடியின் சாறு சிலவேளை வேலை செய்தது, சிலவேளை செய்யவில்லை. 4ஆம் நூற்றாண்டு வைத்தியர் கோ ஹோங் எழுதிய ஒரு வரியில் அந்தச் செடியைக் காய்ச்சச் சொல்லவில்லை. தண்ணீரில் ஊறவைத்துப் பிழிந்து குடிக்கச் சொல்லியிருந்தது. கொதிக்கவைப்பதுதான் மருந்தைக் கெடுக்கிறது என்று தூ யூயூ ஊகித்தார். குறைந்த வெப்பத்தில் கொதிக்கும் ஈதரைக் கொண்டு 1971இல் சாற்றை இறக்கினார், வேலை செய்தது. அதுதான் ஆர்ட்டெமிசினின். 2015இல் அவருக்கு நோபல் பரிசு. பழைய வைத்தியம் சரி என்பதற்கு இந்தக் கதையைக் காட்டுபவர்கள் பலர். எனக்கு அதில் பிடித்தது வேறு: பழைய குறிப்பின் ஒரு சின்ன நுணுக்கத்தை மதித்து, அதைச் சோதனைக்கு உட்படுத்திய பொறுமை.

எங்கள் நாட்டில் அதற்கு இணையாகச் சொல்லக்கூடியது கொத்தலஹிம்புட்டு என்ற மூலிகை. சிங்களப் பெயரிலேயே எங்கள் கடைகளிலும் விற்கிறது. அதன் கட்டையில் கடைந்த குவளையில் இரவு தண்ணீர் ஊற்றிவைத்து, காலையில் சிவந்திருக்கும் அந்தத் தண்ணீரைக் குடிப்பது பழைய வழக்கம். ஜப்பானிய ஆய்வாளர்கள் 1990களின் கடைசியில் இந்தக் கட்டையில் இருந்து சலசினோல், கொத்தலனோல் என்ற இரண்டு பொருள்களைப் பிரித்தார்கள். கொத்தலனோல் என்ற பெயரிலேயே எங்கள் செடி ஒட்டிக்கொண்டிருக்கிறது. சோற்றின் மாப்பொருளைச் சீனியாக உடைக்கும் நொதியம் சிறுகுடலின் சுவரில் இருக்கிறது. இவை அதை மறித்துவிடுகின்றன. சீனி மெதுவாகவே இரத்தத்துக்குப் போகும். அக்கார்போஸ் என்ற ஆங்கில மருந்து செய்வதும் இதே வேலைதான்.

2005இல் வெளியான இலங்கை ஆய்வில் 51 சலரோக நோயாளிகள் மூன்று மாதம் கொத்தலஹிம்புட்டுத் தேநீரும் மூன்று மாதம் வெறும் தேநீரும் மாறி மாறிக் குடித்தார்கள். மூலிகைத் தேநீர் குடித்த காலத்தின் முடிவில் எச்பிஏ1சி சராசரி 6.29, வெறும் தேநீர்க் காலத்தில் 6.65. வித்தியாசம் சிறியது, ஆனால் உண்மையானது.

பொறிமுறை தெரிந்துவிட்டால் ஆபத்தும் தெரிந்துவிடும். உடையாத மாப்பொருள் பெருங்குடலுக்குப் போய்ப் புளிக்கும். வயிறு ஊதும், வாய்வு போகும். அதைவிட முக்கியமான ஒன்று உண்டு. கிளிக்ளசைட் மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவருக்குச் சீனி மளமளவென்று இறங்கி வியர்த்துக் கொட்டினால் நாங்கள் உடனே சீனித்தண்ணி கரைத்துக் கொடுப்போம். அக்கார்போஸ் எடுப்பவருக்கு அது உடனே உதவாது என்று மருத்துவர்கள் எச்சரிப்பார்கள். கடைச் சீனியை உடைக்கும் நொதியமும் மறிக்கப்பட்டிருப்பதால் குளுக்கோஸ்தான் கொடுக்கவேண்டும். கொத்தலஹிம்புட்டு மறிப்பதும் அதே வகை நொதியத்தை என்பதால், இன்சுலினோடு அதைக் குடிப்பவர் வீட்டில் ஒரு குளுக்கோஸ் பெட்டி இருப்பது நல்லது. இதை எந்தப் பொதியிலும் நான் கண்டதில்லை.

மஞ்சளைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஆய்வுகூடத் தட்டில் மஞ்சளின் சத்தான குர்குமின் செய்யாத வித்தையில்லை. வாயால் விழுங்கினால் மிகக் கொஞ்சமே இரத்தத்தில் சேர்கிறது. மிளகில் இருக்கும் பைப்பரினோடு சேர்த்தால் 20 மடங்கு கூடுதலாக உறிஞ்சப்படுகிறது என்று 1998இன் சிறிய ஆய்வு ஒன்று சொன்னது. அந்த மிளகு, வலிப்பு மருந்து உள்ளிட்ட வேறு மருந்துகளின் அளவையும் இரத்தத்தில் கூட்டக்கூடியது. கறியில் போடும் மஞ்சளும் மிளகும் பற்றிய பேச்சல்ல இது. குளிசையாக அடைத்து விற்பதைப் பற்றியது.

சிறுநீரகத்தைப் பற்றித்தான் கொஞ்சம் நின்று பேசவேண்டும். அம்பாறை மாவட்டத்தின் தெஹியத்தகண்டியப் பக்கம், காரணம் இன்னதென்று உறுதியாகாத சிறுநீரக நோய் விவசாயிகளைத் தாக்கிய பிரதேசங்களில் ஒன்று. கரையோரத்தில் சலரோகமும் பிறசரும் அதே வேலையைச் செய்கின்றன. பழுதான சிறுநீரகம் உள்ளவருக்கு, ஊரே நல்லது என்று சொல்லும் சாமான் நஞ்சாகலாம். காலையில் ஒரு கோப்பை இலைக்கஞ்சி, மத்தியானம் ஓர் இளநீர் என்பது சுகதேகிக்கு அருமையான பழக்கம். ஆனால் இரண்டிலும் பொட்டாசியம் நிறைய. அதை வெளியேற்ற முடியாத சிறுநீரகம் உள்ளவருக்கு இதயத் துடிப்பே தடுமாறும்.

இன்னொன்று புளிப்புக் காய்கள். பிலிம்பிக்காய்ச் சாறு கொலஸ்ட்ரோலைக் கரைக்கும் என்று கேரளத்தில் ஒரு நம்பிக்கை பரவியது. 2013இல் அங்கிருந்து ஓர் அறிக்கை வந்தது: அந்தச் சாற்றைக் கெட்டியாகக் குடித்த 10 பேருக்குச் சிறுநீரகம் திடீரென்று செயலிழந்தது, 7 பேருக்கு டயலிசிஸ் செய்யவேண்டி வந்தது. அந்தக் காயில் ஒக்சலேட் மிக அதிகம். அது பளிங்காகப் படிந்து சிறுநீரகக் குழாய்களை அடைக்கிறது. அதன் அண்ணன் தம்பியான கமரங்காயாலும், அதாவது நட்சத்திரப் பழத்தாலும், இலங்கையிலேயே இப்படிப் பாதிக்கப்பட்டவர்கள் பற்றி மருத்துவச் சஞ்சிகைகளில் பதிவுகள் உண்டு. பிலிம்பிக்காயை உப்பில் போட்டு மீன்குழம்பில் இரண்டு இட்டுச் சாப்பிட்ட தலைமுறைக்கு ஒன்றும் ஆகவில்லை. வெறும் வயிற்றில் கோப்பை கோப்பையாகக் குடிப்பது எந்தப் பரம்பரை முறையிலும் இல்லாத புதுப் பழக்கம்.

ஈஸ்வரமூலியின் கதை இன்னும் கடுமையானது. பாம்புக்கடிக்கும் வயிற்று நோவுக்கும் பேர்போன மூலிகை. அது அரிஸ்டலோக்கியா என்ற இனத்தைச் சேர்ந்தது, ஆடுதீண்டாப்பாளையும் அப்படியே. 1990களின் தொடக்கத்தில் பிரசல்ஸ் நகரில் உடல் மெலியச் சிகிச்சைக்குப் போன பெண்கள் நூற்றுக்கும் மேற்பட்டோரின் சிறுநீரகம் பழுதானது. விசாரித்தால், அவர்கள் விழுங்கிய குளிசையில் ஒரு சீன மூலிகைக்குப் பதிலாக, ஏறக்குறைய அதே பெயருள்ள அரிஸ்டலோக்கியா வகை ஒன்று கலந்திருந்தது. பிறகு அவர்களில் பலருக்குச் சிறுநீர்ப் பாதையில் புற்றுநோயும் வந்தது. அரிஸ்டலோக்கிக் அமிலத்தை உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம், மனிதரில் புற்றுநோய் உண்டாக்கும் என்று உறுதியான முதலாம் பிரிவில் வைத்திருக்கிறது. சிகரெட்டும் அதே பிரிவில்தான். இதன் நஞ்சு இன்று குடித்து நாளை காட்டாது; வருடக்கணக்கில் உள்ளே வேலை செய்யும். பரியாரியின் நாலாம் நாள் பரிசோதனைக்கு அகப்படாத நஞ்சு என்பதால்தான் நூற்றாண்டுகளாக அது கண்ணுக்குப் படவில்லை. அனுபவம் மட்டும் போதும் என்பவர்களுக்கு நான் காட்டும் செடி இது.

கொரோனாக் காலத்தில் சீந்தில் கொடிக்கும் இதுபோல ஒன்று நடந்தது. எதிர்ப்புச் சக்தி என்ற பெயரில் இந்தியாவில் வீட்டுக்கு வீடு அதன் சாற்றைக் குடித்தார்கள். 2021இல் மும்பையில் இருந்து 6 பேரின் ஈரல் பாதிப்பு பற்றிப் பதிவு வந்தது. அடுத்த வருடம் பல வைத்தியசாலைகள் சேர்ந்து 43 பேரைப் பற்றி எழுதின. இந்திய ஆயுஷ் அமைச்சு அதை மறுத்தது, செடியைத் தவறாக அடையாளம் கண்டிருக்கலாம் என்றது. அப்படியே வைத்துக்கொண்டாலும், வேலியில் இருந்து பறிப்பவருக்குச் செடி தெரியாது என்பதும் ஓர் ஆபத்துத்தானே. இங்கே அதே காலத்தில், 2020 டிசம்பரில், கேகாலையில் ஒருவர் காய்ச்சிய பாணிக்கு ஆயிரக்கணக்கானோர் முண்டியடித்தார்கள். அதைப் பகிரங்கமாகக் குடித்துக் காட்டிய அப்போதைய சுகாதார அமைச்சருக்கே அடுத்த மாதம் கொரோனா தொற்றியது. கல்முனையிலும் காத்தான்குடியிலும் அந்த நாட்களில் கொத்தமல்லியும் இஞ்சியும் அவித்துக் குடித்தவர்கள் குறைந்தபட்சம் தொண்டைக்கு இதமாவது கண்டார்கள்.

ஏன் இவையெல்லாம் பலித்ததாகத் தோன்றுகின்றன? பாம்புக்கடிக் கணக்கு இதற்கு நல்ல விடை தரும். மட்டக்களப்பில் விஷகடி வைத்தியம் பெரிய கீர்த்தி பெற்றது. விருந்தாளியைப் பாயோடு ஒட்டவைத்துவிடுவார்கள் என்று ஊர் ஊராகப் பேசும் மந்திரச் சிறப்போடு சேர்ந்து வளர்ந்த கீர்த்தி. 2012–2013இல் நாடு முழுவதும் வீடு வீடாக எடுத்த கணக்கின்படி, இலங்கையில் ஒரு வருடத்தில் 80,000க்கு மேற்பட்டோரைப் பாம்பு கடித்தது. அவர்களில் விஷம் ஏறியவர்கள் ஏறத்தாழ 30,000 பேர். இறந்தவர்கள் 464. அதாவது கடிபட்ட பத்துப் பேரில் ஆறு பேருக்கு விஷமே ஏறவில்லை. விஷமில்லாத பாம்பாக இருக்கலாம், விஷப்பாம்பே வெறுமனே கடித்திருக்கலாம். ஒன்றுமே செய்யாத ஒரு வைத்தியரும் பத்தில் ஆறு பேரைக் “காப்பாற்றுவார்”. எஞ்சிய நாலு பேருக்குத்தான் வித்தியாசம் தெரியும்.

எண்ணெய் விரியன் என்றும் கட்டுவிரியன் என்றும் சொல்லும் பாம்பு இதில் மோசமானது. இரவில், தரையில் பாய்விரித்துப் படுத்திருப்பவரைக் கடிக்கும். நோகாது, வீங்காது, பல் பட்ட இடமே தெரியாமல் போகலாம். விடியப்புறம் வயிற்றுநோவு என்று எழும்புவார். கண்மடல் சரியும், பிறகு மூச்சுத் தசைகள் நிற்கும். வாடியில் படுக்கும் வேளாண்மைக்காரர்களுக்கு இது நன்றாகத் தெரிந்த பயம். அந்த நேரத்தில் பச்சிலைக்கு ஒரு மணித்தியாலம் கொடுப்பது மூச்சைக் கொடுப்பதற்குச் சமம். ஆஸ்பத்திரியில் ஏற்றும் விஷமுறிவு மருந்தும், குதிரைக்கு விஷத்தைச் சிறிது சிறிதாக ஏற்றி அதன் இரத்தத்தில் இருந்து எடுக்கும் இயற்கைப் பொருள்தான் என்பதை, இயற்கையை நம்புகிறவர்கள் கொஞ்சம் யோசிக்கலாம்.

இயற்கை மருத்துவத்தில் ஆய்வுகள் உறுதியாகப் பக்கம் நிற்கும் பகுதி எது என்றால், யாரும் போத்தலில் அடைத்து விற்கமுடியாத பகுதி. சாப்பாடு, நடை, நித்திரை, எடை. இலங்கையில் வயது வந்தவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்குச் சலரோகம் இருப்பதாக 2018–19இல் எடுத்த நாடளாவிய ஆய்வு ஒன்று காட்டியது. சென்னையில் இருந்து வழிநடத்தி 2006இல் வெளியிட்ட ஆய்வு எங்களுக்கு மிக நெருக்கமானது. சலரோகத்தின் வாசலில் நின்ற 531 பேர். நடையும் உணவுக் கட்டுப்பாடும் மட்டும் கடைப்பிடித்தவர்களுக்கு நோய் வரும் வாய்ப்பு 28.5 சதவீதம் குறைந்தது. மெட்போமின் மட்டும் எடுத்தவர்களுக்கு 26.4. இரண்டையும் சேர்த்தவர்களுக்கும் அதற்கு மேல் கூடவில்லை. தமிழர் தட்டில் சோறு இருக்கும்போதே நடந்த ஆய்வு இது. பிரித்தானியாவில் 2017இல் முடிவு வந்த ஆய்வு ஒன்றில், ஏற்கெனவே சலரோகம் இருந்தவர்களை மருத்துவக் கண்காணிப்பில் கடுமையான உணவுக் கட்டுப்பாட்டில் வைத்து எடையைக் குறைத்தார்கள். ஒரு வருட முடிவில் 46 சதவீதமானோருக்கு மாத்திரை இல்லாமலே சீனி கட்டுக்குள் இருந்தது. மாத்திரையை நிறுத்தியவர் வைத்தியர். நோயாளி தானாக நிறுத்தவில்லை.

கல்லடிப் பாலத்தில் விடியக்காலையில் நடப்பவர்களைப் பார்த்தால் இது ஊருக்குப் புரிந்துவிட்டது என்று தோன்றும். நடந்து முடிந்ததும் வழியில் இரண்டு ரொட்டியும் சீனி தூக்கலாக ஒரு பால்தேத்தண்ணியும் அடிப்பதைப் பார்த்தால் அப்படித் தோன்றாது. எங்கள் பக்கத்துக் கோப்பைச் சோற்றின் அளவைப் பற்றி எந்த மூலிகைக் காணொளியும் வாய் திறப்பதில்லை. அதைக் குறைக்கச் சொன்னால் யாரும் பகிரமாட்டார்கள்.

இந்த மருத்துவங்களுக்கு இலங்கையில் சட்டபூர்வமான இடம் எப்போதோ கிடைத்துவிட்டது. 1961ஆம் ஆண்டின் 31ஆம் இலக்க ஆயுர்வேதச் சட்டம் ஆயுர்வேதத்தோடு சித்தத்தையும் யுனானியையும் ஒன்றாகத் தன் குடைக்குள் எடுத்தது. வைத்தியர்கள் ஆயுர்வேத மருத்துவ சபையில் பதியவேண்டும். கிழக்கு மாகாணத்துக்கென்று சுதேச மருத்துவத் திணைக்களம் உண்டு. அதன் வைத்தியசாலைகளில் மருந்து இலவசம். நிந்தவூரில் தொற்றா நோய்களுக்கான ஆயுர்வேத ஆராய்ச்சி வைத்தியசாலை இயங்குகிறது. கிழக்குப் பல்கலைக்கழகத்தில் மட்டக்களப்புப் பக்கம் எம்பிபிஎஸ், திருகோணமலை வளாகத்தில் சித்த மருத்துவப் பட்டம். ஒரே பல்கலைக்கழகத்தின் இரண்டு கைகளும் சேர்ந்தால், கோவைக்கும் கொத்தலஹிம்புட்டுக்கும் தெற்கில் செய்ததைப்போல, எங்கள் பக்கத்து முறிவு நெரிவு எண்ணெய் ஒன்றையோ முடக்கொத்தானையோ எடுத்து முறையாகச் சோதிக்க என்ன தடை? உலக சுகாதார நிறுவனம் 2022இல் குஜராத்தின் ஜாம்நகரில் பாரம்பரிய மருத்துவத்துக்கென உலக நிலையத்தை நிறுவியது. 2025 மே மாதம் அதன் பேரவை ஏற்றுக்கொண்ட 2025–2034க்கான உபாயத்திட்டத்தில் ஆதாரம் சேர்ப்பதுதான் முதல் வேலையாகச் சொல்லப்படுகிறது. காற்று அந்தப் பக்கம் வீசுகிற நேரம் இது.

அதுவரைக்கும் செய்யக்கூடியது கிளினிக் கொப்பியில் இருக்கிறது. மாதாந்தக் கிளினிக்கில் டொக்டர் குனிந்தபடியே கேட்பார்: “வேற மருந்து ஏதும் எடுக்கிறீங்களா அம்மா?” அம்மா உடனே சொல்வார்: “ஒண்டுமில்ல டொக்டர்.” வீட்டில் பாகற்காய்ச் சாறும், வெந்தயத் தண்ணியும், மகள் கட்டாரில் இருந்து அனுப்பிய குளிசையும் இருக்கும். ஏச்சு விழும் என்ற பயம் பாதி. இலையை மருந்தென்று எண்ணாதது பாதி. டொக்டரோ சீனி ஏன் கூடுவதும் இறங்குவதுமாக இருக்கிறது என்று விளங்காமல் மாத்திரையின் அளவை மாற்றுவார். சத்திரசிகிச்சைக்கு நாள் குறித்தவர், இரத்தம் உறையாமல் இருக்க வோர்பரின் எடுப்பவர், கர்ப்பிணி, சிறுநீரகம் பழுதாகி இரத்தத்தில் கிரியேட்டினின் கூடியவர் ஆகியோர் இதை மறைக்கவே கூடாது. ஏசுகிற டொக்டரும் தன் பங்குக்கு வாயைக் கட்டவேண்டும்; ஏசினால் அடுத்த மாதமும் அதே “ஒண்டுமில்ல”தான் வரும். என்ன குடிக்கிறோம், எவ்வளவு, எப்போதிருந்து என்று கொப்பியின் பின்பக்கத்தில் பிள்ளைகளைக் கொண்டு எழுதுவித்து வைத்துக்கொள்ளலாம். இலையின் பெயர் தெரியாவிட்டால் அதில் ஒரு கொத்தை ஒடித்துப் பையில் போட்டுக்கொண்டு போனாலும் சரி.